51 மணிகளில் ஓர் இன்சுலின்: புரதத்தைக் கையால் கட்டிப் படிக்கும் முறை

உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளையிடம் புரதத்தின் கட்டமைப்பைக் கேட்டால் நான்கு மட்டங்களையும் (அமினோ அமிலங்களின் வரிசை, அது சுருளுவது, மடிவது, மடிந்தவை ஒன்றுகூடுவது) மூச்சு விடாமல் சொல்லுவார். இரண்டாம் மட்டத்துக்குக் கெரற்றின், மூன்றாவதற்கு மயோகுளோபின், நான்காவதற்கு ஈமோகுளோபின் என்று உதாரணமும் வரும். ஆனால் ஒவ்வோர் உதாரணமும் வேறு வேறு புரதம். "சரி, இந்தச் சங்கிலியில் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டதும் பேச்சு நின்றுவிடும். ஒரே புரதம் சங்கிலியாகத் தொடங்கி, சுருண்டு, மடிந்து, ஒரு வேலையைச் செய்யும் இடம்வரை போவதை அவர் ஒருநாளும் பின்தொடர்ந்து பார்த்ததில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். புரதப் பாடத்துக்கு இப்போது நான் எடுப்பது ஒரே புரதம்தான்: இன்சுலின். மனித இன்சுலினில் ஏ, பி என்ற இரண்டு சங்கிலிகளிலும் சேர்த்து 51 அமினோ அமிலங்களே உள்ளன, ஆகவே முழுவதையும் ஒரு மேசையில் கட்டி முடிக்கலாம். அதைவிட முக்கியமான காரணம், இந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளின் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் இன்சுலின் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அம்மாவுடையது இருக்கிறது. பிள்ளை கண்ணால் கண்ட ஒரு பொருளின் உள்ளே போய்ப் பார்ப்பது படிப்பை வேறாக்கிவிடும். அமினோ அமில வரிசை முழுமையாகக் கண்டறியப்பட்ட முதல் புரதமும் இதுவே. பிரித்தானிய உயிரிரசாயனவியலாளர் பிரெட்ரிக் சாங்கர் மாட்டு இன்சுலினைத் துண்டு துண்டாக வெட்டி வரிசையைக் கண்டுபிடித்தார், 1958 இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு புரதத்துக்கும் திட்டவட்டமான ஒரு வரிசை உண்டு என்று உலகம் உறுதியாக நம்பத் தொடங்கியது அந்த வேலைக்குப் பிறகுதான்.

தேவையான சாமான்கள் அதிகம் இல்லை. 4 மில்லிமீற்றர் மணிகள் ஆறு நிறத்தில் வேண்டும். 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனால் குறுக்குத் தெருக்களில் மணி விற்கும் கடைகள் உண்டு, அங்கே சிறு பக்கற்றாக வாங்கலாம். மணியின் துளைக்குள் போகக்கூடிய, கையால் வளைக்கக்கூடிய மெல்லிய கம்பி, சுமார் 0.8 மில்லிமீற்றர் தடிப்பில். கம்பியில் 40 சென்ரிமீற்றர் துண்டு ஒன்றும் 30 சென்ரிமீற்றர் துண்டு ஒன்றும் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பென்சில், ஒரு மார்க்கர், கொஞ்சம் பசை, மஞ்சள் நூல். அவ்வளவுதான்.

நிறங்களை, ஓர் அமினோ அமிலத்தை மற்றதிலிருந்து வேறுபடுத்தும் பக்கச் சங்கிலியைப் பார்த்து, இப்படிப் பிரியுங்கள். நீரை விரும்பாத பக்கச் சங்கிலி உள்ளவை (லியூசின், ஐசோலியூசின், வேலின், அலனின், பீனைல் அலனின், புரோலின்) கறுப்பு. எதிரேற்றம் உள்ள குளூட்டமிக் அமிலம் சிவப்பு. நேரேற்றம் பெறக்கூடிய ஆர்ஜினின், லைசின், ஹிஸ்டிடின் நீலம். ஏற்றம் இல்லாவிட்டாலும் நீரோடு ஒத்துப்போகும் செரின், திரியோனைன், அஸ்பரஜின், குளூட்டமின், டைரோசின் பச்சை. கந்தகம் உள்ள சிஸ்டீன் மஞ்சள். பக்கச் சங்கிலியாக ஓர் ஐதரசன் மட்டும் உள்ள கிளைசீன் வெள்ளை. மொத்தம் கறுப்பு 17, பச்சை 16, மஞ்சள் 6, சிவப்பு 4, நீலம் 4, வெள்ளை 4. டைரோசினின் வளையம் கறுப்புக்கும் கொஞ்சம் சொந்தம், ஆனாலும் அதன் நுனியில் உள்ள ஐதரொட்சில் கூட்டத்தைப் பார்த்து அதைப் பச்சையில் வைத்திருக்கிறேன்.

கம்பியில் மார்க்கரால் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஒரு புள்ளி போடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மணி, ஒரு துளி பசை. இந்த ஒரு சென்ரிமீற்றரை மாற்ற வேண்டாம். சங்கிலியில் அடுத்தடுத்த இரண்டு அமினோ அமிலங்களின் அல்பா காபன்களுக்கு (பக்கச் சங்கிலி இணையும் காபன்களுக்கு) இடையிலான உண்மையான தூரம் 0.38 நனோமீற்றர். ஆகவே நீங்கள் கட்டுவது கலத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ 2.6 கோடி மடங்கு பெரிய இன்சுலின். அளவு சரியாக இருந்தால் சுருளியும் சரியாக வரும், அதை இன்னும் சற்று நேரத்தில் காண்பீர்கள்.

சிறிய கம்பியில் ஏ சங்கிலி, 21 மணி:
வெள்ளை, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், மஞ்சள், பச்சை, பச்சை, கறுப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, பச்சை, பச்சை, கறுப்பு, சிவப்பு, பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை.

பெரிய கம்பியில் பி சங்கிலி, 30 மணி:
கறுப்பு, கறுப்பு, பச்சை, பச்சை, நீலம், கறுப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை, நீலம், கறுப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பச்சை, கறுப்பு, கறுப்பு, மஞ்சள், வெள்ளை, சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு, கறுப்பு, பச்சை, பச்சை, கறுப்பு, நீலம், பச்சை.

முதல் மணி இருக்கும் முனையில் "அமினோ முனை" என்று ஒரு காகிதத் துண்டு ஒட்டிவிடுங்கள். சங்கிலிக்குத் திசை உண்டு. இடமிருந்து வலம் படிப்பதும் வலமிருந்து இடம் படிப்பதும் இரண்டு வேறு புரதங்கள்.

இப்போது உங்கள் கையில் இருப்பதுதான் முதல் மட்டக் கட்டமைப்பு. மணிகளுக்கு நடுவே தெரியும் கம்பித் துண்டு ஒவ்வொன்றும் ஒரு பெப்தைட்டுப் பிணைப்பு. ஓர் அமினோ அமிலத்தின் காபொட்சில் கூட்டமும் அடுத்ததன் அமினோ கூட்டமும் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். ஏ சங்கிலியில் 20 பிணைப்பு, பி சங்கிலியில் 29. பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். அமினோ அமிலங்களின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழிக்கும் அந்தக் கணக்கைப் பரீட்சைக்காகத் தனியாகப் பாடமாக்கத் தேவை இருக்காது.

அப்புறம் சுருளி, அதாவது இரண்டாம் மட்டம். பி சங்கிலியில் 9 ஆம் மணியிலிருந்து 19 வரை பென்சிலில் சுற்றுங்கள். வலக்கைப் பெருவிரலை மேலே நீட்டினால் மற்ற விரல்கள் மடியும் திசையில், 9 ஆவதைக் கீழே வைத்து, சங்கிலி மேலே ஏற வேண்டும். ஒரு சுற்றுக்கு மூன்றரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக விழும்படி இழுத்து விடுங்கள். 1951 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் போலிங்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட அல்பா சுருளியில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். 4 மில்லிமீற்றர் மணி, ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி, சாதாரணப் பென்சில் என்ற மூன்றும் சேர்ந்தால் அந்த 3.6 தானாகவே கிட்டத்தட்ட வந்துவிடும், அதற்காகத்தான் அளவில் அவ்வளவு கறாராக இருந்தேன். 11 மணிகளும் மூன்று சுற்றில் முடியும். ஏ சங்கிலியில் இரண்டு குட்டிச் சுருளிகள்: 1 முதல் 8 வரை ஒன்று, 12 முதல் 18 வரை மற்றது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு சுற்று.

சுருளியைப் பிடித்து நிறுத்துவது எது? இங்கே பிள்ளைகள் பக்கச் சங்கிலிகளைச் சொல்லிவிடுவார்கள். அவை அல்ல. சங்கிலியின் முதுகெலும்பில் (உங்கள் மாதிரியில் கம்பி) ஓர் அமினோ அமிலத்தின் ஒட்சிசனும், அதிலிருந்து நான்கு தள்ளி இருப்பதன் நைதரசனில் உள்ள ஐதரசனும் போடும் ஐதரசன் பிணைப்புகள்தான். 9 க்கும் 13 க்கும், 10 க்கும் 14 க்கும் என்று வரிசையாகப் போகும்.

பென்சிலை உருவி எடுத்துவிட்டு, சுருளியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இது. 11, 15, 18 ஆம் மணிகள் மூன்றும் ஒரே பக்கமாக நிற்கும். மூன்றும் கறுப்பு. 9, 13, 16 மூன்றும் எதிர்ப்பக்கம்: பச்சை, சிவப்பு, பச்சை. வரிசையாக எழுதிப் பார்த்தபோது இந்த ஒழுங்கு தெரியவே இல்லை, சுருட்டியதும் வந்துவிட்டது. நீரை வெறுக்கும் ஒரு முகமும் நீரை விரும்பும் ஒரு முகமும் அந்த ஒற்றைச் சுருளியில் உள்ளன. ஆகவே அது எந்தப் பக்கத்தை உள்ளே திருப்பும் என்பது முன்பே எழுதப்பட்டாயிற்று. வரிசைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்ற வாக்கியத்தைப் பிள்ளை இங்கே கண்ணால் பார்க்கிறார். ஆகவே இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். அவரே மணிகளை எண்ணிக் கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள்.

இனி மடிக்கும் வேலை. ஏ சங்கிலியின் இரண்டு சுருளிகளும் அருகருகே, எதிர் எதிர்த் திசையில் படுக்கும்படி நடுவில் வளைத்துவிடுங்கள். பி சங்கிலியில் 20 முதல் 23 வரை ஒரு திருப்பம் வரவேண்டும். அங்கே இரண்டு வெள்ளை மணிகள் இருப்பதைப் பார்த்தீர்களா? கிளைசீனுக்குப் பெரிய பக்கச் சங்கிலி இல்லை, நெருக்கமான வளைவில் இடிக்காமல் திரும்ப அதனால் முடிகிறது. 24 இலிருந்து 30 வரை நீட்டிய வாலாகத் திரும்பிவந்து சுருளியோடு ஒட்டிப் படுக்கும். இரண்டு சங்கிலிகளையும் சேர்க்கும்போது ஒரே விதி: கறுப்பு இயன்றவரை உள்ளே போகவேண்டும். பி சங்கிலியின் 11, 15 ஆம் லியூசின்களும் ஏ சங்கிலியின் 16 ஆம் லியூசினும் நடுவில் சந்திக்கும். எல்லாக் கறுப்பும் உள்ளே போகாது. மிஞ்சி வெளியே நிற்பவற்றுக்கு வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கடைசியாக மஞ்சள் நூல். ஏ 6 ஐயும் ஏ 11 ஐயும் கட்டுங்கள். ஏ 7 ஐ பி 7 உடனும், ஏ 20 ஐ பி 19 உடனும் கட்டுங்கள். இந்த மூன்றும் இருசல்பைட்டுப் பிணைப்புகள். புரதத்தை மடிய வைப்பவற்றில் இவை மட்டுமே பங்கீட்டு வலுப்பிணைப்புகள், மற்றவை எல்லாம் தனித்தனியே பலவீனமானவை. இப்போது மேசையில் இருப்பது மூன்றாம் மட்டம். பிரித்தானிய இரசாயனவியலாளர் டொரதி ஹொட்ஜ்கின் இன்சுலின் பளிங்கின் எக்ஸ்கதிர்ப் படத்தை முதலில் எடுத்தது 1935 இல். அதிலிருந்து இந்த வடிவத்தை முழுமையாக வாசித்து முடித்தது 1969 இல். 34 வருடங்கள் அந்தக் கேள்வியை அவர் கைவிடவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுவேன்.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் கேட்பார்: கலத்துக்குள் இந்த இரண்டு சங்கிலிகளும் ஒன்றையொன்று எப்படித் தேடிப் பிடிக்கின்றன? தேடுவதே இல்லை. சதையியின் பீற்றா கலங்களில் இறைபோசோம் கட்டுவது 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. முதல் 24, புரதம் மடியும் இடமான அகமுதலுருச் சிறுவலைக்குள் நுழைய வழிகாட்டும் பகுதி, நுழைந்ததும் அது வெட்டப்படும். மிச்சம் 86. அதில் பி முன்னால், ஏ பின்னால், நடுவே ஓர் இணைப்புத் துண்டு. சங்கிலி ஒன்றாக இருக்கும்போதே மடிந்து, மூன்று மஞ்சள் பாலங்களும் போட்டுக்கொள்ளும். அதன் பிறகே நடுத்துண்டை நொதியங்கள் வெட்டி எடுக்கும். சி பெப்தைட்டு என்று இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பார்த்திருப்பீர்கள், அந்த நடுத்துண்டுதான் அது. ஊசியால் ஏற்றும் இன்சுலினில் அது இல்லை. ஆகவே ஒருவரின் சதையி தானாக எவ்வளவு சுரக்கிறது என்று அறிய வைத்தியர்கள் அதை அளக்கிறார்கள்.

நான்காம் மட்டத்துக்கும் வேறு புரதம் தேட வேண்டாம். கலத்தின் சேமிப்புப் பைகளுக்குள் ஆறு இன்சுலின்கள் இரண்டு துத்தநாக அயன்களைச் சுற்றிக் கூடி நிற்கும். துத்தநாகத்தைப் பிடிப்பது பி சங்கிலியின் 10 ஆம் மணி, அந்த நீல ஹிஸ்டிடின். வகுப்பில் ஆறு பேர் ஆளுக்கு ஒன்று கட்டியிருந்தால் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஆனால் வேலை செய்வது ஆறாக இருக்கும்போது அல்ல, குருதியில் பிரிந்து தனியாகும்போதுதான். தனி இன்சுலின் தசை, கொழுப்புக் கலங்களின் முதலுருமென்சவ்வில் உள்ள வாங்கிப் புரதத்தில் பொருந்தும். பொருந்தும் முகத்தில் வாலில் உள்ள 24, 25 ஆம் பீனைல் அலனின்களுக்குப் பெரிய பங்கு, வெளியே நின்ற கறுப்பு மணிகளின் வேலை இதுதான். 25 ஆவது லியூசினாக மாறிய மனிதர்களை மருத்துவம் அறியும். அவர்களின் குருதியில் இன்சுலின் ஏராளமாக இருக்கும், ஆனால் அந்த மாறிய இன்சுலின் வாங்கியில் சரியாகப் பொருந்தாது. கறுப்புக்குப் பதில் கறுப்பு, ஆனாலும் வடிவம் வேறு. என் நிறப்பிரிப்பு எங்கே போதாமல் போகிறது என்பதையும் பிள்ளை இங்கே கற்றுக்கொள்கிறார். சரியாகப் பொருந்தினால், குளுக்கோசைக் கடத்தும் புரதங்கள் கலத்தின் உள்ளிருந்து மென்சவ்வுக்கு வந்து சேர்ந்து, குளுக்கோசு உள்ளே போகும்.

மாதிரி தயாரானதும் அதைக் குலைக்கவும் வேண்டும். நூல்களை அவிழ்த்து, கம்பியை நேராக்குங்கள். மணிகளின் வரிசை அப்படியே இருக்கும், வேலை செய்யும் வடிவம் போய்விட்டது. இதுதான் இயல்பிழத்தல். அடுத்து கம்பியையே குறட்டால் வெட்டுங்கள். இது சமிபாடு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதும் விடைத்தாள்கள் ஏராளம், அதனால் இதற்குச் சமையலறையில் ஒரு சோதனையும் வைக்கிறேன்.

ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஒன்றைச் சுடுநீருக்குள் வைத்துச் சூடாக்குங்கள், மற்றதில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். இரண்டிலும் தெளிவு போய் வெண்மை வரும், புளியில் கொஞ்சம் மெதுவாக. மடிப்பு அவிழ்ந்து, உள்ளே இருந்த நீர்வெறுப்புப் பகுதிகள் வெளியே வந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பெப்தைட்டுப் பிணைப்பு உடையவில்லை.

அடுத்தது ஜெலியும் அன்னாசியும். கடையில் பக்கற்றைத் திருப்பிப் பார்த்து "ஜெலற்றின்" என்று போட்டிருப்பதையே வாங்குங்கள், அது ஒரு புரதம். கடற்பாசியில் செய்தவையும் விற்கிறார்கள், அவை காபோவைதரேற்று, இந்தச் சோதனைக்கு உதவாது. மூன்று கோப்பையில் ஜெலியை ஊற்றி நன்றாக ஆறவிடுங்கள். ஒன்றில் பச்சை அன்னாசித் துண்டு, மற்றதில் பத்து நிமிடம் அவித்த அன்னாசித் துண்டு, மூன்றாவதில் எதுவும் இல்லை. குளிரில் வைத்தால் பச்சை அன்னாசி போட்டது மட்டும் இறுகாது. அன்னாசியில் உள்ள புரோமெலெயின் என்ற நொதியம் ஜெலற்றின் சங்கிலிகளை வெட்டித் தள்ளியது. அவித்த அன்னாசியில் அந்த நொதியமே இயல்பிழந்துவிட்டது. ஒரு கோப்பையில் வெட்டு, மற்றதில் அவிழ்ப்பு, இரண்டும் ஒரே மேசையில். ஆட்டிறைச்சிக்குப் பச்சைப் பப்பாசி அரைத்துப் பூசுவதும் இதே வேலைதான், அங்கே நொதியம் பப்பெயின்.

இன்சுலினை ஏன் குளிசையாக விழுங்க முடியாது என்று இப்போது கேளுங்கள். பதில் உடனே வரும்: குடல்வழியில் புரதத்தை வெட்டும் நொதியங்கள் காத்திருக்கின்றன. அதை ஏன் குளிரில் வைக்கிறோம்? சூட்டிலும் குலுக்கலிலும் மடிப்பு அவிழ்ந்து, அவிழ்ந்தவை பீற்றா மடிப்புத் தாள்களாக (நீண்ட சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டிய தாள்களாக) அடுக்கி நார்போலத் திரண்டுவிடும், பிறகு அது வேலை செய்யாது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ். உறைய விடவே கூடாது, உறைந்தால் உருக்கிப் பாவிக்கவும் கூடாது. 2022 இல் நீண்ட மின்வெட்டு இருந்த காலத்தில் அம்மாவின் மருந்தை ஈர மண்சட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினோம். அந்த நாட்களில் புரத மடிப்பு என்பது எங்கள் வீட்டுக் கவலையாகவே இருந்தது. தெளிவாக இருக்கவேண்டிய வகை கலங்கியிருந்தால் அதை ஏற்ற வேண்டாம், மருந்தாளரிடம் காட்டுங்கள். சில வகைகள் இயல்பிலேயே பால்போல இருக்கும், எது எப்படி இருக்கவேண்டும் என்பது உள்ளே வரும் துண்டுப்பிரசுரத்தில் இருக்கும்.

மாதிரியை மீண்டும் கட்டும்போது ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். பி சங்கிலியின் 28 இல் நீலத்தையும் 29 இல் கறுப்பையும் போடுங்கள், அதாவது புரோலினும் லைசினும் இடம் மாறுகின்றன. 1996 இலிருந்து பாவனையில் உள்ள லிஸ்ப்ரோ என்ற விரைவு இன்சுலின் இது. வாலின் அந்தப் பகுதிதான் இரண்டு இன்சுலின்கள் சோடி சேரும் இடம். அங்கே பொருத்தம் குறைந்ததால் கூட்டமாக நிற்காமல் சீக்கிரம் பிரிந்து குருதிக்குள் போகிறது, சாப்பாட்டுக்குச் சற்று முன் ஏற்றினால் போதும். வாங்கியில் பொருந்தும் திறன் பெரிதாகக் குறையவில்லை.

மணிகள் மிஞ்சினால் இன்னொரு சிறு கம்பியில் எட்டு மணி கோருங்கள்: கறுப்பு, நீலம், கறுப்பு, பச்சை, கறுப்பு, சிவப்பு, சிவப்பு, நீலம். ஈமோகுளோபினின் பீற்றா சங்கிலியில் உள்ள 146 அமினோ அமிலங்களில் முதல் எட்டு இவை. நான்கு சங்கிலியும் சேர்ந்தால் 574, அதை முழுதாகக் கட்டச் சொல்ல மாட்டேன். 6 ஆம் மணியைக் கழற்றிக் கறுப்பைப் போடுங்கள். குளூட்டமிக் அமிலம் இருந்த இடத்துக்கு வேலின் வந்துவிட்டது. அந்த இடம் புரதத்தின் வெளிப்புறத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, செங்குருதிக் கலங்கள் அரிவாள்போல வளையும் நோயான அரிவாள் உருவக் கலச் சோகையில் ஈமோகுளோபின்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இன்சுலின் மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதட்டும்.